கட்டுரையைப் படித்துச் சொல்ல ஓர் ஆள்

திங்கள்கிழமை காலையில் விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், குறைதீர் கூட்டத்துக்கு வந்த கும்பலுக்கு நடுவே மனு எழுதித் தருபவர்களைப் பார்க்கலாம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், வழித் தகராறு என எதுவானாலும் வந்தவர் வாயால் சொல்வதைக் கேட்டு, ஒரே பக்கத்தில் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். நாணயமான தொழில்தான். மனுதாரருக்கு வேண்டியது மனு, அது கிடைத்துவிடுகிறது. இதே ஏற்பாடு கல்லூரிகளைச் சுற்றி வேறு பெயரில் நடக்கிறது. தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரி ஊரிலும் ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர் வாசலில் ‘புராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற வாசகம் கண்ணில் படும். தலைப்பைச் சொல்லிப் பணம் கட்டினால் நன்றியுரை முதல் நூற்பட்டியல் வரை பைண்டிங்குடன் கைக்கு வரும். மனு எழுதுவோரைக் குறை சொல்ல முடியாது. இதை அப்படி விட முடியாது. மாணவர் கல்லூரிக்கு வந்ததே அந்தப் புராஜெக்டை எழுதும் பழக்கத்துக்காகத்தான். அதை விலைக்கு வாங்கிவிட்டால் மூன்றாண்டுப் படிப்பில் மிச்சம் என்ன? ஆனால் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. எழுதத் திணறும் மாணவர் போய் நிற்க வேறு கதவே இல்லை என்பதுதான் அந்தக் கடையின் முதலீடு. அந்த வேறு கதவை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு ‘ரைட்டிங் சென்டர்’, எழுத்து மையம் என்று பெயர்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் 1976இல் மியூரியல் ஹாரிஸ் என்ற பேராசிரியர் தொடங்கிய எழுத்தகம் இதில் புகழ்பெற்றது. மாணவர் தன் வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். எதிரே இருப்பவர் பெரும்பாலும் அதற்கெனப் பயிற்சி பெற்ற மூத்த மாணவர், பேனாவைத் தொடமாட்டார். ‘இந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறீர்கள்?’ என்று கேட்பார். மாணவர் வாயால் சொல்வார். சொன்னது பெரும்பாலும் எழுதியதைவிடத் தெளிவாக இருக்கும். ‘அதையே எழுதுங்கள்’ என்பார். மதிப்பெண் கிடையாது, ஆசிரியரிடம் புகாரும் போகாது. 1984இல் ஸ்டீபன் நார்த் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய கட்டுரை இந்த மையங்களுக்குக் கிட்டத்தட்டக் கொள்கை அறிக்கை ஆயிற்று. கட்டுரையைச் சரிசெய்து கொடுப்பது மையத்தின் வேலையாகாது, எழுதுகிறவரை மேம்படுத்துவதே வேலை என்பது அவர் வாதத்தின் சாரம். 1994இல் பர்டூ இதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் (OWL) ஆந்தையைக் குறிப்பதால் இன்றும் பலர் அதை ‘ஆந்தை’ என்றே செல்லமாகச் சொல்கிறார்கள். மேற்கோள் காட்டுவது எப்படி, வாதத்தை அடுக்குவது எப்படி, முன்னுரையில் என்ன வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் அங்கே உலகில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கக் கிடக்கின்றன.

இங்கேதான் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. இணையவழி எழுத்து உதவி என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, கையேடுகள். இன்னொன்று, வரைவைப் படித்துப் பதில் சொல்லும் ஆள். மாணவர் கோப்பை ஏற்றினால் ஒன்றிரண்டு நாளில் ஓரக் குறிப்புகளுடன் திரும்பி வரும். அல்லது குறித்த நேரத்தில் இருவரும் காணொலியில் அமர்ந்து ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசுவார்கள். முதல் சரக்கு உலகத்துக்கே இலவசம். இரண்டாவது, கட்டணம் கட்டிச் சேர்ந்த சொந்த மாணவர்களுக்கு மட்டும். அதில் தப்பில்லை, ஆளுக்குச் சம்பளம் உண்டு, பக்கத்துக்குச் சம்பளம் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். திண்டிவனத்தில் இருந்து பர்டூவின் கையேட்டை ஒரு மாணவி கைபேசியில் படிக்கலாம். தன் வரைவை அங்கே அனுப்ப முடியாது. இந்தியாவிலும் இதே நிலைதான். ஹரியானா மாநிலம் சோனிபத்தில் உள்ள அசோகா பல்கலைக்கழகம் எழுத்துக்கென்றே தனி மையம் நடத்துகிறது. அங்கே படிக்க லட்சக்கணக்கில் கட்டவேண்டும். நல்ல பள்ளியில் படித்து, வீட்டில் புத்தக அலமாரியோடு வளர்ந்த பிள்ளைக்கு எழுத்து மையம் இருக்கிறது. வீட்டிலேயே முதல் பட்டதாரிக்கு இல்லை. இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் முதலில் திருத்தவேண்டும். இணையத்தில் எல்லாம் கொட்டிக்கிடக்கிறது என்ற பேச்சு அதைத் திருத்தாது, மூடி மறைக்கும்.

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் இந்த வட்டாரத்துக்குப் பட்டப் படிப்பைக் கொண்டுவந்த பழைய கல்லூரிகள். செஞ்சி, மயிலம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி என்று சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து படிக்கிறார்கள். 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி கல்லூரிச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில். கல்லூரி வாசலுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை இந்த மாநிலம் நன்றாகச் செய்திருக்கிறது. உள்ளே வந்த பிறகு அந்தப் பிள்ளை மூன்றாண்டும் அசைன்மென்ட், செமினார் பேப்பர், ரெக்கார்டு, கடைசியில் புராஜெக்ட் என்று எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் பாடவேளை மட்டும் அட்டவணையில் அரிது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை’ என்று உட்தலைப்புப் போட்டு எழுதிய கைதான் இங்கேயும் எழுதுகிறது.

படித்துப் பதில் சொல்லும் ஆள் என்ன செய்வார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ‘திண்டிவனம் வட்டாரத்தில் நிலக்கடலை விற்பனை’ என்று புராஜெக்ட் எடுத்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். முதல் பத்தி இப்படித்தான் இருக்கும்: ‘இந்தியா ஒரு விவசாய நாடு. விவசாயம் நாட்டின் முதுகெலும்பு. பண்டைய காலம் முதலே மக்கள் விவசாயத்தை நம்பி வாழ்ந்து வருகின்றனர்.’ இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. திருத்தும் ஆசிரியர் டிக் போட்டுத் தாண்டிவிடுவார். எழுத்து மையத்தில் இருப்பவர் ஓரத்தில் எழுதுவார்: ‘இந்த மூன்று வரியைக் கரும்பு பற்றிய புராஜெக்டிலும் வைக்கலாம், பருத்தி பற்றியதிலும் வைக்கலாம். உங்கள் ஊர் மல்லாட்டை எங்கே?’ நிலக்கடலையைத்தான் இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மாணவருக்குச் சொல்ல விஷயம் நிறைய உண்டு. அவருடைய சித்தப்பா மூட்டையைக் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, எடுத்துப் போகிறாரா, ஊருக்கே வரும் வியாபாரியிடம் கொடுக்கிறாரா? கமிட்டியில் விலை கூடுதல் என்று தெரிந்தும் வியாபாரியிடமே கொடுக்கிறார் என்றால் ஏன்? விதைப்புக்கு வாங்கிய கடனா, வண்டி வாடகையா, பணம் கைக்கு வரும் நாள் கணக்கா? இதையெல்லாம் பேசச் சொன்னால் கால்மணி நேரம் பேசுவார். ஆனால் இது ‘எழுத்தில்’ வரலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மல்லாட்டை வீட்டுப் பேச்சு, முதுகெலும்பு கல்லூரிப் பேச்சு என்று அவர் மனத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டை அழிக்க ஒரு கேள்வி போதும். கேட்க ஒருவர் இருக்கவேண்டும். பர்டூவின் பக்கங்கள் எத்தனை நன்றாக இருந்தாலும், இந்த மாணவரின் இந்தப் பத்தியைப் பார்த்து இந்தக் கேள்வியை அவை கேட்கப்போவதில்லை.

தண்டிக்கும் ஏற்பாடு மட்டும் நம்மிடம் பக்காவாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஒப்புமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளையும் மத்திய அரசின் இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் ‘ஷோத்சுத்தி’ திட்டத்தில் 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிவருகிறது. அதே விதிமுறைகள், ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தவேண்டும் என்றும், முறையாகச் சான்று காட்டக் கற்றுத்தரவேண்டும் என்றும் சொல்கின்றன. இந்தப் பாதிதான் பெரும்பாலும் ஒரு நாள் கருத்தரங்கு, ஒரு குத்துவிளக்கு, ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. படித்ததைத் தன் வார்த்தையில் சொல்வது எப்படி என்று ஒருபோதும் பழக்காமல், அடுத்தவர் வார்த்தையைப் போட்டதற்குப் பதிவை ரத்து செய்வது என்ன நியாயம்? திருட்டை நியாயப்படுத்தவில்லை. தெரிந்தே திருடுகிறவர் உண்டு. ஆனால் வரைவு நிலையிலேயே ‘இந்த வரி உங்களுடையதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் நின்றுபோயிருக்கும் திருட்டு அதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன்.

ஆசிரியர்கள் இருக்கிறார்களே, தனி மையம் எதற்கு என்று கேட்கலாம். ஆசிரியருக்கு அறுபது எழுபது பேர் கொண்ட வகுப்பு. அரசு கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரில் பெரும்பகுதி கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு வேலை நிலைக்குமா என்பதே அவர்களுக்குக் கவலை. ஒவ்வொருவரின் வரைவையும் இரண்டு முறை படிக்கச் சொல்வது அவர்கள் தலையில் கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றுவது. நேரம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் வேறொரு தடை இருக்கிறது. மதிப்பெண் போடுகிறவரிடம் அரைகுறை வரைவைக் காட்ட எந்த மாணவருக்கும் துணிச்சல் வராது. அக மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. ‘சார், இது எனக்கே புரியவில்லை’ என்று சொல்லும் இடமாக வகுப்பறை இருப்பதில்லை. மதிப்பெண்ணோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம் அதைத் தயங்காமல் சொல்லலாம். எழுத்து மையத்தை வகுப்பிலிருந்து தனியே வைப்பதன் காரணம் இதுதான். இணையவழியில் என்றால் கூச்சம் இன்னும் குறையும், முகம் பார்க்கவேண்டியதில்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமும் இல்லை.

இதைவிடப் பலமான ஆட்சேபம் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, எழுத்து மையமே பழைய சரக்கு ஆகிவிட்டது என்கிறார்கள். கைபேசியில் கேட்டால் அரை நிமிடத்தில் கட்டுரை வருகிறது. வரைவைக் கொடுத்தால் குறையும் சொல்கிறது. நள்ளிரவிலும் சலிக்காமல் சொல்கிறது. உண்மைதான். இலக்கணப் பிழையைக் காட்ட, கடினமான ஆங்கிலப் பத்தியை எளிதாக்கிச் சொல்ல அது நல்ல துணை. அதைத் தடை செய்யக் கிளம்புவது வீண் வேலை. ஆனால் சித்தப்பா ஏன் வியாபாரியிடம் கொடுக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. கேட்டால் தெரிந்ததுபோல எழுதிக்கொடுக்கும். ‘புராஜெக்ட் செய்து தரப்படும்’ கடை சட்டைப்பைக்குள் வந்துவிட்டது, அவ்வளவே. இன்னொரு பக்கம், இயந்திரம் எழுதியதைப் பிடிக்கிறோம் என்று கிளம்பிய மென்பொருள்கள் யாரைப் பிடிக்கின்றன? 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றில் இந்தத் தவறு மிகக் குறைவு. எளிய சொற்களை வைத்து ஆங்கிலம் எழுதும் விழுப்புரத்து மாணவி இந்தச் சோதனையில் எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்லத் தேவையில்லை. முதல் வரைவு, அதன் மேல் வந்த கேள்விகள், இரண்டாம் வரைவு என்று தேதியோடு ஒரு மையத்தின் பதிவில் இருந்தால், ‘இதை நான்தான் எழுதினேன்’ என்று நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. செயற்கை நுண்ணறிவு வந்ததால் எழுத்து மையத்தின் தேவை கூடியிருக்கிறது.

சரி, யார் நடத்துவது, காசுக்கு எங்கே போவது? ஒவ்வொரு கல்லூரியும் தனியாக மையம் வைக்கவேண்டும் என்றால் நடக்காது. அங்கேதான் இணையம் நிஜமாகவே உதவுகிறது. விழுப்புரத்தில் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அது சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதும், இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் வந்ததும் அரசியல் சர்ச்சையாக நினைவில் இருக்கும். திண்டிவனத்துக்கும் சிதம்பரத்துக்கும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு கையெழுத்துக்காக அங்கே போய்வருவது மாணவர்களுக்குப் பெரிய பாடு. ஆனால் எழுத்து மையத்துக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. அண்ணாமலை 1979 முதல் தொலைதூரக் கல்வி நடத்திப் பழகிய பல்கலைக்கழகம். தபாலில் பாடம் அனுப்பி ஊர் ஊராகப் பட்டதாரிகளை உருவாக்கியது. 2013இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தபின், தேவைக்கு அதிகமாக இருந்த ஆசிரியர்களை மாநிலம் முழுதும் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆள் இல்லை என்று புலம்பும் உயர்கல்வித் துறையில், ஆள் மிஞ்சிய விநோதமும் நடந்திருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்துக்குச் சில மணி நேரம் இந்த வேலையில் உட்காரவைத்து, அதற்கு மதிப்பூதியமும் பணிச் சான்றும் கொடுக்கலாம். மேற்பார்வைக்குப் பேராசிரியர் நாலைந்து பேர் போதும். கட்டடம் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி ஊரறிந்தது. அந்த நெருக்கடியிலும் செய்யக்கூடிய வேலைகளில் ஒன்று இது.

ஆனால் அமெரிக்க மையத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் வீணாகும். இங்குள்ள மாணவர் கையில் இருப்பது கைபேசி. விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து ஓரக் குறிப்புப் படிக்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. நோட்டில் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பவும், பதிலைக் குரல் பதிவாகக் கேட்கவும் வழி வேண்டும். பதில் தமிழில் இருக்கவேண்டும். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும்கூட. ‘இந்த வாக்கியத்தில் யார் எதைச் செய்தார் என்று தெரியவில்லை’ என்பதைத் தமிழில் சொன்னால் உடனே பிடிபடும். தமிழ்வழியில் எழுதுவோருக்கும் இதே அக்கறை தேவை. நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப் பிழை திருத்தியும் ‘நாவி’ சந்திப் பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. ஒற்று மிகுமா மிகாதா என்பதை அவை சொல்லிவிடும். சமூகவியல் கட்டுரையில் களப்பேட்டியைத் தமிழில் எப்படி எடுத்தாள்வது, இணையத்தில் படித்ததற்கு எப்படிச் சான்று காட்டுவது என்பதற்கு ஒரு பொதுவான தமிழ்க் கையேடு மாணவர் கையில் இல்லை. அதை எழுதுவதே மையத்தின் முதல் ஆண்டு வேலையாக இருக்கலாம். மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலத் தொடர்புத் திறன் சொல்லித்தருகிறார்கள், நல்லது. நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு அது உதவும். ஒரு விஷயத்தை இருபது பக்கத்துக்கு வாதமாக அடுக்கிச் செல்வது வேறு திறன். அதற்கு வேறு ஆள் வேண்டும்.

எழுதித் தராதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள் என்ற விதி சொல்லச் சுலபம், காப்பாற்றக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நாளைக்குக் கடைசித் தேதி என்று அழுகிற பிள்ளையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. முதல் மாதம் ‘ஸ்பெல்லிங் பார்த்துக் கொடுங்கள்’ என்றுதான் பாதிப்பேர் வருவார்கள். தமிழ்வழியில் வந்தவருக்கு ஆங்கில இலக்கணத்தை ஓரளவு நேராகவே சொல்லிக்கொடுப்பதில் குற்றமில்லை. அமெரிக்க மையங்களிலும், அயல்நாட்டு மாணவர்கள் வரவர இந்த விதி தளர்ந்திருக்கிறது. எவ்வளவு தளரலாம் என்பதை நடத்திப் பார்த்துத்தான் முடிவு செய்யமுடியும். எனவே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எல்லாக் கல்லூரிகளுக்கும் என்று பெரிதாக அறிவிக்காமல், விழுப்புரம், திண்டிவனம் இரண்டு அரசு கலைக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களோடு ஒரு புராஜெக்ட் பருவத்துக்கு மட்டும் தொடங்கட்டும். எத்தனை வரைவு வந்தது, எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள் என்ற இரண்டு எண்ணை வெளியிட்டால் போதும். மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. புராஜெக்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் வேறு துறையில் படிக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். திருத்தச் சொல்லாதீர்கள். எந்தெந்த இடத்தில் புரியவில்லையோ அங்கே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள்.